ஒரு லாபத்துக்கு ஒரு தரம் வரி போதும், தம்பி

பங்குடைமை யூனிட் வாங்கி வைத்திருக்கிறவர்கள், புரோக்கர் காட்டுகிற "புக் கொஸ்ட்" நிரலை நம்பி வரிப் படிவம் நிரப்பக்கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் ஸ்காபரோவில் இருக்கிற என் தம்பி இதைப் போனில் கேட்டால், "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவான். அதனால் எழுதியே அனுப்புகிறேன். அவனைப் போல ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் புரூக்பீல்ட் யூனிட் வைத்திருக்கிற மற்றத் தம்பி தங்கச்சிமாரும் கூடவே வாசிக்கலாம்.

சீகிரியாவில் குந்திக்கொண்டு இவள் கனடா வரியைப் பற்றிக் கதைக்கிறாளே என்று நினைக்கவேண்டாம். இனாமலுவைச் சந்தியிலிருந்து கிம்பிஸ்ஸ வரைக்கும் உள்ள சின்ன விருந்தினர் விடுதிகள் சிலவற்றுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். அவற்றில் பல இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற பங்குடைமைகள். உன் கையிலிருக்கிற நியூயோர்க், ரொறன்ரோ சந்தை யூனிட்டுக்கும் இந்த விடுதிக்கும் வரிக் கணக்கில் அடிப்படை ஒன்றே. முதலில் விடுதியைப் பார்.

இரண்டு பேர் ஆளுக்கு 20 இலட்சம் போட்டு விடுதி தொடங்குகிறார்கள். முதல் வருடம் 12 இலட்சம் லாபம், ஆளுக்கு 6. கையில் எடுத்தது ஆளுக்கு 2 இலட்சம்தான். மிச்சம் 4 இலட்சம் கூரைக்கும் ஏசிக்கும் போய்விட்டது. வரிப் படிவத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு காட்டவேண்டும்? 6 இலட்சம். கைக்கு வந்ததா வரவில்லையா என்று உண்ணாட்டரசிறைத் திணைக்களம் கேட்காது. லாபத்தில் உன் பங்கு உன் வருமானம். அடுத்த வருடம் தொடங்கும்போதே ஒருவர் விலகுகிறார், மற்றவர் அவருக்கு 25 இலட்சம் கொடுத்து அனுப்புகிறார். 20 போட்டார், 25 வாங்கினார், ஆகவே 5 இலட்சம் லாபம் என்று சொன்னால் அது பிழை. அவருடைய மூலதனக் கணக்கில் நிற்பது 20 இல்லை. 20 உடன் வரி கட்டிய 6 ஐக் கூட்டி, எடுத்த 2 ஐக் கழித்தால் 24. லாபம் 1 இலட்சம். மற்ற 4 இலட்சத்துக்கும் போன வருடமே வரி கட்டியாயிற்று.

இங்கே மூலதனக் கணக்கை நான் எழுதுகிறேன். அங்கே உன் யூனிட்டுக்கு அதை யாரும் எழுதுவதில்லை. கோளாறு முழுக்க அங்கேதான் தொடங்குகிறது.

புரூக்பீல்ட் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பார்ட்னர்ஸ், புரூக்பீல்ட் ரினியூவபிள் பார்ட்னர்ஸ் இரண்டும் சந்தையில் பங்கு மாதிரி விற்பனையாகின்றன. ஆனால் சட்டப்படி அவை பேர்மியூடாவில் பதிவான வரையறுத்த பங்குடைமைகள். ஒரு கம்பெனி தன் லாபத்துக்குத் தானே வரி கட்டிவிட்டு உனக்கு டிவிடெண்ட் தரும். பங்குடைமை அப்படியில்லை. உழைத்த வட்டி, டிவிடெண்ட், சொத்து விற்ற மூலதன லாபம் எல்லாவற்றையும் யூனிட்காரர்களின் தலையில் பங்கிட்டு வைத்துவிடும். அந்தப் பங்கீட்டைச் சொல்லுகிற ஸ்லிப்தான் ரி5013. உனக்குக் காசாக வந்த விநியோகம் அதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றென்று எண்ணுகிறவர்கள்தான் அதிகம். ஸ்லிப்பில் உள்ளது வருமானம். வங்கியில் விழுந்தது உன் மூலதனத்திலிருந்து எடுத்த பணம்.

ஆகவே உன் அடக்கவிலை வருடா வருடம் மாறும். கனடாவில் அதை ஏசீபீ என்கிறார்கள். ஸ்லிப்பில் காட்டிய வருமானமும் லாபமும் அதில் கூடும். நட்டப் பங்கும், நீ கழிவாகக் கேட்ட செலவும், கைக்கு வந்த விநியோகமும் குறையும்.

கணக்கைக் கையால் எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். பேனையை எடு. தொகைகள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, எந்த யூனிட்டின் உண்மையான ஸ்லிப்பும் இல்லை. 100 யூனிட், ஒன்று 50 டொலர், தரகு 10. அடக்கம் 5,010. முதல் வருட ஸ்லிப்பில் வட்டியும் டிவிடெண்டும் 90, மூலதன லாபம் 160. கைக்கு வந்த விநியோகம் 150. வருட முடிவில் அடக்கம் 5,110. இரண்டாம் வருடம் வருமானம் 110, மூலதன லாபம் 240, விநியோகம் 160. அடக்கம் 5,300. மூன்றாம் வருடம் நடுவில் எல்லாவற்றையும் விற்கிறாய். அந்த வருடத்துக்கும் ஒரு ஸ்லிப் வரும்: வருமானம் 30, விநியோகம் 40. விற்கிற நேரம் அடக்கம் 5,290. தரகு போக உனக்குக் கிடைத்தது 5,590. லாபம் 300 டொலர்.

புரோக்கர் அனுப்புகிற ரி5008 ஸ்லிப் என்ன சொல்லும்? 5,010 க்கு வாங்கினாய், 5,590 க்கு விற்றாய். அதை அப்படியே வரிப் படிவத்தின் மூலதன லாபப் பகுதியான மூன்றாம் அட்டவணையில் எழுதினால் லாபம் 580. கூடுதலான 280 டொலருக்கு நீ ஏற்கெனவே இரண்டு வருடம் வரி கட்டிவிட்டாய்.

சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. விடுதிக் கணக்கு முடிக்கும்போது நான் செய்வதும் இதுதான். வாங்கிய நாளிலிருந்து விற்ற நாள்வரை கைக்கு வந்த மொத்தக் காசைக் கூட்டு: விநியோகம் 350, விற்ற பணம் 5,590, ஆக 5,940. போட்டது 5,010. கழித்தால் 930. நீ உண்மையில் சம்பாதித்தது அவ்வளவுதான். இனி வரிக்குக் காட்டியதைக் கூட்டு: ஸ்லிப்புகளில் 630, விற்பனையில் 300, அதுவும் 930. இரண்டும் ஒத்துவந்தால் கோப்பை மூடலாம். புரோக்கர் கணக்குப்படி போயிருந்தால் 1,210 வந்திருக்கும். சம்பாதிக்காத 280 க்கு எதற்கு வரி?

இந்த இடத்தில் பலர் சறுக்குகிற விஷயம் ஒன்று. கனடாவில் மூலதன லாபத்தில் பாதிக்குத்தான் வரி. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் பெரிய லாபங்களுக்கு அதை மூன்றில் இரண்டாக்கப் போவதாகச் சொன்னார்கள். 2025 மார்ச் 21 இல் அது கைவிடப்பட்டது, பாதி பாதியாகவே நிற்கிறது. அதற்காக அடக்கவிலையில் பாதியைக் கூட்டக்கூடாது. ஸ்லிப்பில் 160 என்றால் 160 ஐயும் கூட்டவேண்டும். பாதி என்பது வரி விதிக்கும்போது வருகிற சலுகை. அடக்கத்துக்கு அது பொருந்தாது. பாதியைக் கூட்டினால் மற்றப் பாதி விற்கிற வருடம் லாபமாக மறுபடி தலை நீட்டும், கிடைத்த சலுகையில் பாதியும் போய்விடும்.

அக்கா வரி குறைக்க மட்டும் சொல்லித் தருகிறாள் என்று சந்தோஷப்படாதே. மறுபக்கமும் இருக்கிறது. இந்த மாதிரி யூனிட்டுகளில் பல வருடங்களில் வருமானத்தைவிட விநியோகம்தான் கூட வரும். ஸ்லிப்பில் 100, கைக்கு 400 என்றால் 5,010 ஆக இருந்த அடக்கம் 4,710 ஆகிவிடும். அப்போது புரோக்கரின் நிரலைப் பிடித்துக்கொண்டு போனால் லாபத்தைக் குறைத்துக் காட்டியவன் ஆவாய். வரி முகவரகம் கண்டுபிடித்தால் வட்டியோடு கேட்கும். பல வருடம் வைத்திருந்து அடக்கம் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டால், விற்காவிட்டாலும் அந்த மறைத் தொகையை அந்த வருட மூலதன லாபமாகக் காட்டவேண்டும். காட்டிய பிறகு அடக்கம் பூச்சியத்தில் வந்து நிற்கும்.

காலம்

இங்கே எங்கள் வரி வருடம் மார்ச் 31 இல் முடிகிறது, படிவம் கொடுக்க நவம்பர் 30 வரைக்கும் நேரம் இருக்கிறது. உனக்கு அந்த வசதி இல்லை. ரி5013 கைக்கு வருவதே மார்ச் கடைசியில், படிவம் ஏப்ரல் 30 க்குள் போகவேண்டும். சம்பள ஸ்லிப் ரி4 வந்த கையோடு பெப்ரவரியிலேயே படிவத்தை அனுப்பித் திரும்பக் காசு வாங்குகிற உன் அவசரத்தை, பங்குடைமை யூனிட் வைத்திருக்கிற வருடங்களில் அடக்கி வை.

வரி மென்பொருளில் "ஓட்டோஃபில்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வரி முகவரகத்திடம் உள்ள ஸ்லிப்புகளை எல்லாம் தானாகக் கொண்டுவந்து நிரப்பும். நல்ல வசதிதான். ஆனால் ரி5008 இல் புரோக்கர் எழுதிய அடக்கமும் அதோடு சேர்ந்து வந்து உட்கார்ந்துவிடும். அந்தப் பெட்டியில் உன் சொந்தக் கணக்கின் தொகையை அடிக்கவேண்டும். ஸ்லிப்பில் இருப்பதை மாற்றலாமா என்று பயப்படத் தேவையில்லை. அடக்கவிலையைச் சரியாகக் கணக்கிடுவது வரி செலுத்துகிறவரின் பொறுப்பு என்பதுதான் அங்கே விதி.

ஒரே யூனிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருந்தால் சராசரி அடக்கம் எடு. இரண்டு புரோக்கரிடம் வைத்திருந்தாலும் சராசரி ஒன்றுதான். ஒருவருக்கு மற்றவரிடம் இருப்பது தெரியாது, அதனாலும் அவர்கள் காட்டுவது பிழைக்கும். அமெரிக்க டொலரில் வாங்கியிருந்தால் வாங்கிய நாளின் மாற்று விகிதத்தில் கனடா டொலராக்கி எழுது. விற்கிற நாளின் விகிதம் விற்ற தொகைக்கு. இரண்டுக்கும் இன்றைய விகிதத்தைப் போட்டுக் கணக்கு முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சோம்பல்.

இவ்வளவு தலையிடி தேவையா?

என்னைக் கேட்டால் சின்னத் தொகைக்குத் தேவையில்லை. இரண்டு மூவாயிரம் டொலருக்குப் பங்குடைமை யூனிட் வாங்கி, வருடா வருடம் ரி5013 ஐ நிரப்ப வரிக்காரருக்குத் தனியாகக் காசு கொடுக்கிறவன் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறான்? இதே தொல்லைக்காகத்தான் புரூக்பீல்ட் 2020 இல் இரண்டுக்கும் கம்பெனிப் பங்கு வடிவம் ஒன்றை வெளியிட்டது. இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கு மார்ச்சில், ரினியூவபிளுக்கு ஜூலையில். அதை வைத்திருந்தால் சாதாரண டிவிடெண்ட் ஸ்லிப்தான் வரும். சந்தையில் அதற்குச் சில நேரம் கொஞ்சம் கூட விலை கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நிம்மதிக்கு அந்த விலை கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இன்னொரு வழி, யூனிட்டை ரி.எஃப்.எஸ்.ஏ. என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குள் வைப்பது. உள்ளே இருக்கிறவரைக்கும் ஸ்லிப்பும் இல்லை, அடக்கவிலைக் கணக்கும் இல்லை. வெளிநாட்டில் பிடித்த வரியை மட்டும் அங்கே திரும்பக் கேட்க முடியாது. ஆனால் அமெரிக்காவின் எண்ணெய்க் குழாய்ப் பங்குடைமைகள், எனர்ஜி ட்ரான்ஸ்ஃபர், என்டர்பிரைஸ் ப்ரொடக்ட்ஸ் மாதிரியானவற்றை எந்தக் கணக்கிலும் வாங்காதே. 2023 ஜனவரி 1 முதல், அமெரிக்கர் அல்லாத ஒருவர் அப்படிப்பட்ட யூனிட்டை விற்றால் விற்ற முழுத் தொகையிலும் நூற்றுக்கு 10 ஐ அங்கேயே பிடித்துக்கொள்கிறார்கள். லாபத்தில் இல்லை, விற்ற தொகையில். நட்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். திரும்ப வாங்க அமெரிக்க வரிப் படிவம் வேறு நிரப்பவேண்டும்.

பங்குடைமையே இல்லை, சாதாரண ஈ.ரி.எஃப். தான் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்களும் முழுக்கத் தப்பவில்லை. சில நிதியங்கள் வருடக் கடைசியில் மூலதன லாபத்தைக் காசாகத் தராமல், உள்ளேயே மறுமுதலீடு செய்துவிடும். யூனிட் எண்ணிக்கை கூடாது, வங்கிக்கும் ஒன்றும் வராது, ரி3 ஸ்லிப்பில் மட்டும் லாபம் இருக்கும். அதற்கு வரி கட்டுகிறாய் அல்லவா, அந்தத் தொகையை அடக்கத்தில் கூட்டு. கூட்டாமல் விட்டால் விற்கும்போது மறுபடியும் கட்டுவாய். அதே ஸ்லிப்பின் 42 ஆம் பெட்டியில் தொகை இருந்தால் அது மூலதனத்தைத் திருப்பித் தந்தது. அதை அடக்கத்தில் கழி.

நியூஜெர்சியில் இருக்கிற உன் கூட்டாளிக்கும் இதைச் சொல். அவன் வைத்திருக்கிறது யூ.எஸ்.ஓ. என்கிற எண்ணெய் நிதியம். 2006 இல் தொடங்கியது, பெயர் நிதியம் என்றாலும் அதுவும் பங்குடைமைதான். அவனுக்கு ரி5013 க்குப் பதில் கே-1 என்ற ஸ்லிப் வரும். அந்த நிதியம் எண்ணெய் முன்பேர ஒப்பந்தங்களை வைத்திருக்கிறது. அமெரிக்க வரிச் சட்டம் அவற்றை ஒவ்வொரு டிசம்பர் 31 உம் சந்தை விலைக்கு விற்றதாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் அவன் ஒரு யூனிட்டும் விற்காத வருடத்திலும் லாபம் வந்து நிற்கும். அதில் நூற்றுக்கு 60 நீண்டகால லாபம், 40 குறுங்கால லாபம், எத்தனை நாள் வைத்திருந்தான் என்பது கணக்கில்லை. பிறகு அவன் யூனிட்டை விற்கும்போது புரோக்கர் 1099-பீ அனுப்புவார். அதில் இருப்பது பழைய கொள்விலை. கே-1 இல் வந்த லாபங்களைக் கூட்டி, நட்டங்களைக் கழித்து, சரியான அடக்கத்தை 8949 படிவத்தில் எழுதவேண்டியது அவன் வேலை. புரோக்கர் அந்த அடக்கத்தை அரசிறைக்கு அறிவிக்கவில்லை என்று ஸ்லிப்பில் குறித்திருந்தால், சரியான தொகையை நேரடியாக அடக்க நிரலிலேயே எழுதலாம். அறிவித்திருந்தால் அவர் சொன்னதை எழுதி, திருத்தத்தைப் பக்கத்து நிரலில் பீ குறியோடு போடவேண்டும். பல பங்குடைமைகள் விற்றவர்களுக்குக் கே-1 உடன் விற்பனை அட்டவணை ஒன்றும் அனுப்பும். அவர்கள் வைத்திருந்த காலம் முழுவதற்குமான அடக்கத் திருத்தம் அதிலே கூட்டி வைத்திருக்கும். கவரைக் கிழித்து முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடுகிற பழக்கத்தை விடச் சொல்.

கிம்பிஸ்ஸக் காணி

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீ கேட்பாய். அப்பா உன் பெயருக்கு எழுதிய காணியை விற்றால் இரண்டு நாட்டிலும் கணக்குக் காட்டவேண்டிவரும். அதற்கு அடக்கவிலையும் இரண்டு. இலங்கையில், 2017 செப்டெம்பர் 30 க்கு முன்பே கையிலிருந்த சொத்துக்கு அந்த நாளின் சந்தை மதிப்பையே அடக்கமாக எடுக்கிறார்கள். அதற்கு மேல் ஏறியதுதான் லாபம். தனியாளுக்கு அந்த லாபத்தின் மேல் வரி நூற்றுக்கு 10 ஆக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 15. கனடாவில் கணக்கு வேறு. அங்கே நீ வதிவாளனான நாளில் உன்னிடம் இருந்த சொத்தை, அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாக எடுத்துக்கொள்கிறார்கள். நீ விமானம் ஏறுவதற்கு முன் ஏறிய விலைக்குக் கனடா வரி கேட்காது. தாத்தா வாங்கிய விலையைப் போட்டுக் கணக்கெழுதி, கனடாவுக்கு வருவதற்கு முந்திய லாபத்துக்கும் வரி கட்டின ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே கட்டிய வரியை அங்கே வெளிநாட்டு வரிக் கழிவாகக் கேட்கலாம், இரண்டு நாட்டுக்கும் இடையில் இரட்டை வரி ஒப்பந்தமும் இருக்கிறது. ஆகவே இங்கே கட்டிய பற்றுச்சீட்டைத் தொலைக்காதே. இரண்டு திகதிக்கும் மதிப்பீட்டாளரின் அறிக்கை ஒவ்வொன்று வேண்டும். சீகிரியாப் பக்கம் விடுதிக்காரர்கள் காணி தேடத் தொடங்கிய பிறகு விலை எப்படி ஓடியது என்று உனக்குத் தெரியும். பத்து வருடம் பின்னால் போய் மதிப்புப் போடச் சொன்னால் மதிப்பீட்டாளர் முகம் சுளிப்பார், ஆனாலும் செய்து தருவார். விற்க நினைக்காவிட்டாலும் இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

கடைசியாகப் பழைய வருடங்கள். புரோக்கர் நிரலைப் பார்த்தே எழுதி, கூடுதலாக வரி கட்டியிருந்தால் அது போனது போனதுதான் என்று விட்டுவிடாதே. கனடாவில் பத்து வருடம் வரைக்கும் பின்னால் போய்ப் படிவத்தைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்கலாம், வரி முகவரகத்தின் இணையக் கணக்கிலிருந்தே கேட்கலாம். கேட்பதற்கு ஆதாரம் வேண்டும்: வாங்கிய சீட்டு, ஒவ்வொரு வருட ரி5013, ஒவ்வொரு விநியோகத் திகதி. ஆறு வருடம் வைத்தால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த ஆறு, நீ விற்ற வருடம் முடிந்த பிறகு எண்ணவேண்டிய ஆறு. 2012 இல் வாங்கி இன்னும் வைத்திருந்தால் 2012 இன் ஸ்லிப்பும் தேவை. காணாமல் போனவற்றுக்குப் பல பங்குடைமைகள் தங்கள் முதலீட்டாளர் பக்கத்தில் யூனிட் ஒன்றுக்கு எவ்வளவு என்று பழைய வருடங்களையும் போட்டு வைத்திருக்கும். அதை எடுத்து உன் யூனிட் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள். ஒரு தாளில் ஐந்து நிரல் கீறு: திகதி, யூனிட், கூட்டியது, கழித்தது, அடக்கம். இருக்கிற ஸ்லிப்புகளையும் அந்தத் தாளையும் படம் பிடித்து அனுப்பு. ஏப்ரலில் இங்கே ஆட்கள் குறைந்தபிறகு, புதுவருட விடுமுறையில் நான் பார்த்துத் தருகிறேன். ஏப்ரல் 29 இரவு போன் எடுத்தால் தூக்கிப் பேசமாட்டேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.